வியாழனுக்குத் தரை வரையாதீர்கள்: தொலைநோக்கி வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு, 2026 ஜனவரி 10ஆம் தேதி, வியாழன் கோள் சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் வந்து நின்றது. மாலையில் கிழக்கில் எழுந்து விடியும்வரை வானத்திலேயே இருந்த நாள்கள் அவை. அந்த வாரத்தில் இரண்டு இரவுகள் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் பேட்டையின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்து மேல்தளத்தில் தொலைநோக்கிகளை வைத்துக் குடியிருப்பாளர்களுக்கு வியாழனைக் காட்டினோம். தொண்டூழியர்களாகப் புதிதாக மூன்று இளையர்கள் சேர்ந்திருந்தார்கள். ஆர்வத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் தொடங்கியபோது செய்த தவறுகளை அப்படியே அவர்கள் திரும்பச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வரிசையில் மக்கள் நிற்கும்போது எதுவும் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

பொருளருகு வில்லையின் மூடியைக் கழற்றுங்கள், முக்காலியின் திருகுகளை இறுக்குங்கள், பகலில் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள் என்பவையெல்லாம் பெட்டிக்குள் வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மடங்குகளைக் குழப்புவது

“வியாழன் பூமியைப்போல 1,300 மடங்கு பெரியது” என்று ஒரு தொலைநோக்கியில் சொன்னார்கள். அடுத்த தொலைநோக்கியில் “318 மடங்கு” என்றார்கள். இரண்டிலும் பார்த்த ஓர் அப்பா என்னிடம் வந்து, “எது சரி?” என்று கேட்டார். இரண்டும் சரி. முதலாவது கொள்ளளவு. இரண்டாவது நிறை. குறுக்களவைக் கேட்டால் சுமார் 11 மடங்கு.

இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அவற்றுக்கு உயிர் வரும். 1,300 பூமிகள் கொள்ளும் இடத்தில் 318 பூமிகளின் பொருள்தான் இருக்கிறது. அப்படியானால் அது பூமியைப்போலப் பாறையாலும் இரும்பாலும் ஆனதாக இருக்க முடியாது. பூமியைக் கலக்கி ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்தால் ஐந்தரை கிலோ இருக்கும். வியாழனை அடைத்தால் ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் பாட்டிலைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். இதன் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும் என்று அதற்குப் பிறகு சொன்னால், அது மனப்பாடச் செய்தியாக இல்லாமல் அவர்களே ஊகித்த விடையாக இருக்கும்.

தரை

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜனவரியில் அந்த மூவரில் ஒருவர், வரிசையில் நின்றவர்களிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வியாழனின் தரையில் நின்றால் உங்கள் எடை இரண்டரை மடங்காகிவிடும். 60 கிலோ இருப்பவர் 150 கிலோ இருப்பார்.” கூட்டம் வியந்தது. கூட்டம் கலைந்த பிறகு அவரைத் தனியே அழைத்து, “எந்தத் தரை?” என்று கேட்டேன். அவர் தமது கைப்பேசியில் ஓர் ஆங்கில அட்டவணையைக் காட்டினார். நான் எதிர்பார்த்த அதே அட்டவணை, அதே சொல்.

2014இல் ஒரு சமூக மன்றத்தில் அறிவியல் மாலை ஒன்றுக்காகத் தமிழில் ஒரு விளக்கப் பலகை செய்தோம். தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கத்தில், மூன்று பேர் கைக்காசு போட்டு 240 வெள்ளிக்கு அச்சிட்டோம். ஆள் உயரத்துக்கு வியாழனின் வெட்டுத்தோற்றம். மேலே பழுப்பும் வெள்ளையுமாக மேகப் பட்டைகள். அவற்றுக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு. கோட்டருகே “தரை” என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் ஒரு கட்டத்தில் “தரை வெப்பநிலை −108 டிகிரி செல்சியஸ், தரை ஈர்ப்பு பூமியைப்போல 2.5 மடங்கு”. ஆங்கில அட்டவணையில் மேற்பரப்பு என்ற பொருளில் இருந்த சொல்லைத் தமிழில் தரை ஆக்கியவன் நான்தான். பலகையில் அந்தச் சொல் நன்றாக உட்கார்ந்தது. படிக்க எளிதாகவும் இருந்தது. அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கறுப்புக் கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, “அங்கிள், இங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்?” என்று கேட்டாள். “மேகம் தெரியும்” என்றேன். “என்ன நிறத்தில்?” “பழுப்பு நிறத்தில்.” தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவளுடைய அம்மா ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். பழுப்பு வானம், கறுப்புத் தரை, அதன்மேல் சிங்கப்பூர்க் கொடியை நட்டுவிட்டு நிற்கும் ஒரு பெண். மிக நேர்த்தியான படம். வியாழனில் அப்படி ஓர் இடம் இல்லை. இல்லாத இடத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது என் பலகை.

அந்தப் பலகையை மூன்று நிகழ்ச்சிகளில் வைத்த பிறகுதான் உண்மை தெரிந்து எடுத்துப்போட்டேன். 240 வெள்ளி போனது பெரிதல்ல. அத்தனை பேரில் எவரையும் தேடிப்பிடித்துத் திருத்தும் வழி எனக்கு இல்லை என்பதுதான் பெரிது.

சரி, அந்த −108 டிகிரியும் 2.5 மடங்கும் எங்கே எடுத்த எண்கள்? எண்களில் பிழையில்லை. வியாழனின் காற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நம் கடற்கரையில் காற்று நம்மை எவ்வளவு அழுத்துகிறதோ, ஏறத்தாழ அந்த அளவு, அதாவது 1 பார், வரும் இடத்தை அளவுகளுக்கு ஒரு தொடக்கக் குறியாக விஞ்ஞானிகள் வைத்துக்கொண்டார்கள். நடுக்கோட்டு ஆரம் 71,492 கிலோமீட்டர் என்று புத்தகங்களில் இருப்பதும் மையத்திலிருந்து அந்தக் குறிவரை உள்ள தொலைவுதான். நமக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் நிலநடுக்கோடு போகிறது. பாத்தாமைத் தாண்டி ஜகார்த்தாவுக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றும் அதைக் கடக்கிறது. எந்தக் கப்பலும் அதில் தட்டி நின்றதில்லை. வியாழனின் 1 பார் குறியும் அப்படித்தான். மேலேயும் காற்று, கீழேயும் காற்று.

இது கணக்கு மட்டுமல்ல. ஒரு கருவி இறங்கியே பார்த்திருக்கிறது. கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்வுக்கருவி 1995 டிசம்பர் 7ஆம் தேதி வியாழனுக்குள் நுழைந்தது. நுழைந்த வேகம் விநாடிக்கு 47 கிலோமீட்டர். நம் தீவின் கிழக்குக் கோடியான சாங்கியிலிருந்து மேற்குக் கோடியான துவாஸ்வரை ஏறத்தாழ ஒரே விநாடி. வெப்பக் கவசம் பெருமளவு எரிந்து தேய்ந்தது. பிறகு பாராசூட் விரிந்தது. அதன்பின் 58 நிமிடம் தகவல் அனுப்பிக்கொண்டே இறங்கியது. கடைசியில் அழுத்தம் பூமியில் இருப்பதைப்போல 22 மடங்கைத் தொட்டிருந்தது. வெப்பம் 150 டிகிரியைத் தாண்டியிருந்தது. சூட்டில் கருவி ஓய்ந்தது. எதன்மேலும் மோதி நிற்கவில்லை. கீழே இறங்கிக்கொண்டே போய், உருகி, ஆவியாகி, வியாழனோடு கலந்துவிட்டது. அது தகவல் அனுப்பிய ஆழம் 1 பார் குறியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வியாழனை ஒரு மாம்பழமாக எண்ணினால் அந்தக் கருவி தோலைக்கூடத் தாண்டவில்லை.

இதைக் கேட்டுத் தரையை அழித்துவிடுகிறவர்கள் அடுத்து ஒரு கடலை வரைகிறார்கள். நானும் வரைந்தேன். “மேலே வாயு, கீழே ஹைட்ரஜன் கடல்” என்று நீல நிறத்தில் அலைகளோடு. அதுவும் தவறு. கடல் என்றால் மேலே காற்று, கீழே நீர், நடுவே ஒரு பரப்பு வேண்டும். ஒவ்வொரு வாயுவுக்கும் மாறுநிலை வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குமேல் சூடாக இருக்கும்போது எவ்வளவு நெருக்கினாலும் வாயு சட்டென்று திரவமாகாது. அடர்ந்துகொண்டே போகும், இடையில் எந்தக் கோடும் விழாது. ஹைட்ரஜனுக்கு அது −240 டிகிரி. வியாழனில் எந்த இடமும் அவ்வளவு குளிர்ந்ததில்லை. ஆகவே அங்கே ஹைட்ரஜனுக்கு அலையடிக்கும் பரப்பு கிடையாது. காற்றாகத் தொடங்கியது, எங்கே என்று சொல்ல முடியாதபடி, திரவம்போல ஆகிவிடுகிறது.

இன்னும் ஆழத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தைப்போல பத்து லட்சம் மடங்கைத் தாண்டும்போது ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, எலெக்ட்ரான்கள் அணுவுக்கு அணு கட்டற்று ஓடத் தொடங்குகின்றன. அப்படி ஓடினால் அது உலோகம், மின்சாரம் கடத்தும். ஹைட்ரஜன் உலோகமாகக்கூடும் என்று யூஜின் விக்னரும் ஹில்லார்ட் ஹண்டிங்டனும் 1935இலேயே கணித்தார்கள். வியாழனின் நிறையில் பெரும்பங்கு இந்த உலோக ஹைட்ரஜன்தான். சுழலும் அந்த உலோகப் பாய்மத்திலிருந்துதான் அதன் மாபெரும் காந்தப்புலம் பிறக்கிறது. வாயுக்கோள் என்ற பெயரைக் கேட்டு ஊதிய பலூனை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயரோ 1950களில் ஓர் அறிவியல் புனைகதை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. பெயரை மாற்ற நம்மால் முடியாது; பலூனையாவது மனத்திலிருந்து எடுத்துவிடலாம்.

அடியில் திடமான உள்ளகம் என்று என் பலகையில் இருந்ததே, அதாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. 2016 ஜூலையிலிருந்து ஜூனோ விண்கலம் வியாழனைச் சுற்றி வருகிறது. அது அனுப்பும் வானொலி அலைகளில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை வைத்து, எந்த இடத்தில் வியாழன் கலத்தை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த இழுப்பைக் கணக்கிட்டபோது, உள்ளகம் கோலிக்குண்டுபோல இறுகி ஒரு விளிம்போடு இல்லை, கனமான தனிமங்கள் ஹைட்ரஜனோடு கரைந்து வெகுதூரம் பரவியிருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கமாக அமைந்தது. மேலே நாம் காணும் பட்டைகளின் காற்றோட்டம் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை போவதும் அதே அளவீட்டில்தான் தெரியவந்தது. அதற்குக் கீழே உள்ள பகுதி ஒரே உடல்போலச் சுழல்கிறது.

இப்போது நான் பிள்ளைகளிடம் கஞ்சிப் பானையைச் சொல்கிறேன். வடித்து ஆறவிட்ட பானையில் மேலே தெளிநீர். கரண்டியை இறக்க இறக்கக் கெட்டி. எந்த இடத்தில் நீர் முடிந்து கஞ்சி தொடங்கியது என்று கேட்டால் விடை கிடையாது. அடியில் ஒரு கருப்பட்டிக் கட்டியைப் போட்டு வையுங்கள். அது கரைந்து சுற்றிலும் நிறம் பரவியிருப்பதுபோல உள்ளகம். கஞ்சி கெட்டியாவது படிவதால், வியாழன் கெட்டியாவது தன் எடையே தன்னை நெருக்குவதால் என்ற வேற்றுமையையும் கூடவே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வாயுக்கோள்களைப் பற்றி எழுதும்போது தரை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். “மேகமட்டம்”, “1 பார் மட்டம்” என்று எழுதுங்கள். மட்டம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது; கடல்மட்டம் என்று நாளும் சொல்கிறோம். மட்டத்தின்மேல் யாரும் கொடி நட மாட்டார்கள். எங்கள் புதிய பலகையில் ஒரு கோடுகூட இல்லை. மேலே வெளிறிய மஞ்சளில் தொடங்கும் நிறம் கீழே கருஞ்சிவப்பாகக் கலந்து இறங்குகிறது. வரைந்து கொடுத்த நண்பரிடம் நான்கு முறை திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு விளிம்பு தெரிந்தது.

“தோற்றுப்போன நட்சத்திரம்”

வியாழனை இப்படி அழைப்பது அடுக்குமொழியாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து நட்சத்திரமாக, வியாழனைப்போல சுமார் 75 மடங்குக்கும் மேல் நிறை வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொள்ளாதவர் தோற்றார் என்று யாராவது சொல்வார்களா? வியாழன் கோளாகப் பிறந்து கோளாக நிறைந்திருக்கிறது.

எத்தனை நிலா?

எண்ணிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள்; கூடிக்கொண்டே போகிறது. தொலைநோக்கியில் தெரியும் நான்கைக் காட்டுங்கள்.

செம்புள்ளிக்கு வாக்குக் கொடுப்பது

ஒருமுறை எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே “வியாழனின் பெரும் செம்புள்ளியைக் காண வாருங்கள்” என்று அறிவிப்பு ஒட்டினேன். வியாழனின் மேகங்களில் சுழலும் மாபெரும் புயல் அது. அறுபது பேருக்குமேல் வந்தார்கள். செம்புள்ளி வரவில்லை. அது கோளின் மறுபக்கத்தில் இருந்தது. மூட்டுவலியோடு மேல்தளம்வரை வந்த ஒரு பெரியவர், “எங்கே தம்பி சிவப்பு?” என்று மூன்று முறை கேட்டுவிட்டு, முகம் சுருங்கி இறங்கிப்போனார்.

வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 9 மணி 55 நிமிடம்தான் ஆகிறது. செம்புள்ளி நம் பக்கம் திரும்பி நடுவில் தெளிவாகத் தெரியும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நாம் காணும் வட்டின் நடுவை அது கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அப்போதுகூடச் சிறிய தொலைநோக்கியில் அது சிவப்பாகத் தெரியாது. வெளிறிய இளஞ்சிவப்பில், பட்டையின் ஓரத்தில் ஒரு பள்ளம்போலத் தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாமலும் போகும். 1831இலிருந்து தொடர்ந்து கவனித்து வரும் அந்தப் புயல் சுருங்கிக்கொண்டும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 40,000 கிலோமீட்டர் நீளம் இருந்தது; இப்போது சுமார் 16,000. இன்னமும் பூமியைவிடப் பெரியதுதான்.

அதற்குப் பதில் எந்த இரவிலும் ஏமாற்றாத ஒன்றைக் காட்டுங்கள். கண்ணருகு வில்லையில் வியாழன் வட்டமாக இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் எல்லாரும் வட்டம் என்பார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அரை நிமிடத்தில் யாராவது ஒருவர், “கொஞ்சம் அமுங்கினமாதிரி இருக்கிறதே” என்பார். ஆம், அமுங்கித்தான் இருக்கிறது. நடுக்கோட்டுக் குறுக்களவைவிடத் துருவக் குறுக்களவு 9,000 கிலோமீட்டருக்குமேல் குறைவு. அவ்வளவு பெரிய உடல் பத்து மணி நேரத்துக்குள் சுழல்வதால் இடுப்பு பிதுங்கியிருக்கிறது. இரண்டு பழுப்புப் பட்டைகளும் அந்தப் பிதுங்கலுக்கு இணையாக ஓடும். நான்கு நிலாக்களும் ஏறத்தாழ அதே திசையில் ஒரு கோட்டில் நிற்கும். ஒன்றைக் கண்டபின் மற்றவை தாமாகவே ஒழுங்காகின்றன. அந்த நொடியில் பார்ப்பவரின் தோள் சற்றுத் தளர்வதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

உருப்பெருக்கம்

40 மடங்கிலேயே வியாழன், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் தெரிகிறது. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது 80ஐத் தாண்டாதீர்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே

நம் ஊருக்கே உரிய தவறு இது. தொலைநோக்கியைக் குளிர்சாதன வசதியுள்ள படுக்கையறையில் வைத்திருந்து, ஏழு மணிக்கு எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடுவார்கள். வெளியே இருப்பதோ ஈரம் நிறைந்த காற்று. குளிர்ந்த வில்லையில் நொடியில் பனி படியும். பதறிப்போய்ச் சட்டை நுனியால் துடைப்பார்கள், மேற்பூச்சு கீறிக்கொள்ளும். துடைக்காமல் ஈரத்தோடு மூடியைப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். சில மாதங்களில் வில்லைக்குள் சிலந்திவலைபோல மெல்லிய இழைகள் கிளம்பும், பூஞ்சணம். 102 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது நட்சத்திர மீன்கள்போல ஐந்து இடங்களில் வேர்விட்டிருந்தது.

மூடியைக் கழற்றாமல் கருவியை முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். பனி படிந்தால் துடைக்காமல் காத்திருங்கள். வீடு திரும்பியதும் மூடியைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பிறகு மூடுங்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர் அலமாரி ஒன்று வாங்க முடிந்தால், இரண்டாவது கண்ணருகு வில்லைக்குமுன் அதை வாங்குங்கள்.

துருவ அச்சுத் தாங்கி

இந்தத் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அந்த விண்மீனோ இங்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. மேல்கீழாகவும் இடவலமாகவும் நகரும் எளிய தாங்கியே போதும்.

குருவைத் தேடி வருபவரைத் திருத்துவது

ஜனவரியில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார், நெற்றியில் விபூதி. வரிசையில் தம் முறை வந்ததும், “தம்பி, இதுதானே குரு? இப்போது புனர்பூசத்தில் இருக்கிறாரா?” என்று கேட்டார். நம் இளையர் ஒருவர், “அம்மா, அதெல்லாம் சோதிடம். இது அறிவியல்” என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனாலும் அந்த அம்மா கண்ணருகு வில்லையில் கண்ணை வைக்காமலேயே நகர்ந்துவிட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை “ஆம்”. வானத்தை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்திருக்கும். வடக்குப் பக்கம், உயரத்தில், வியாழனுக்கு அருகே ஒளிவிட்ட இரண்டு விண்மீன்கள் புனர்பூசம்தான். 2024 டிசம்பரில் இதேபோல எதிரே வந்து நின்றபோது வியாழன் செந்நிற ரோகிணிக்குப் பக்கத்தில் இருந்தது. சூரியனைச் சுற்றிவர அதற்கு 11.86 ஆண்டுகள். வானத்துப் பாதையைப் பன்னிரண்டு வீடுகளாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ ஓராண்டு. குருப்பெயர்ச்சி ஆண்டுக்கொருமுறை வருவதற்குக் காரணம் இந்தச் சுற்றுக்காலம்தான். தொலைநோக்கி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கணித்த அளவு அது. பலன்களை நான் நம்புவதில்லை. கேட்டால் அப்படியே சொல்வேன். ஆனால் வியாழன் இன்று எந்த விண்மீனருகே இருக்கிறது என்று தெரிந்து வந்தவர் அன்றைய கூட்டத்தில் அவர் ஒருவர்தான். அவரைத்தான் பார்க்கவிடாமல் அனுப்பினோம்.

மறுநாள் இரவு அவர் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் விசாரித்துக் கண்டுபிடித்து, மேலே அழைத்து வந்தேன். முதலில் புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களையும் வெறுங்கண்ணால் காட்டினார், எனக்கு. பிறகு நான் வியாழனைக் காட்டினேன். பக்கத்தில் நிற்கும் நான்கு புள்ளிகளும் அதன் நிலாக்கள், 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை என்றேன். “நான்கு பேரா? எங்கள் காலத்தில் யாரும் சொல்லவில்லையே” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. வலப்பக்கத்துக் கடைசிப் புள்ளி மற்றவற்றைவிட மங்கல் என்று அவராகவே சொன்னார். சரியாகச் சொன்னார், அன்று அந்த இடத்தில் நின்றது காலிஸ்டோ.

மேகத்தைப் பார்த்து ரத்து செய்வது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முழுத் தெளிவை எதிர்பார்த்தால் ஓர் இரவுகூடக் கிடைக்காது. வியாழன் பிரகாசமானது. மெல்லிய மேகத்தினூடே பட்டைகள் தெரியும். இடைவெளி ஐந்து நிமிடம் கிடைத்தாலே எட்டுப் பேர் பார்த்துவிடுவார்கள். நகரின் வெளிச்சத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். மங்கலான விண்மீன் கூட்டங்களைத்தான் அது விழுங்கும், வியாழனை விழுங்காது. கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை முன்னிரவில் கக்கும். படம் நீரடியில் கிடக்கும் காசுபோல நெளியும். எட்டு மணிக்குத் தொடங்குவதைவிடப் பத்துக்குமேல் நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்காகத் தொடங்குவதென்றால் புல்வெளியில் வையுங்கள்.

வியாழன் எதிரே வந்து நிற்கும் நாள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போகும். 2024இல் டிசம்பர், 2025இல் அப்படி ஒரு நாளே இல்லை, பிறகு 2026 ஜனவரி. அடுத்தது 2027 பிப்ரவரி. அந்த மாதம் இங்கே பொதுவாக மழை குறைந்து வானம் திறக்கும் மாதம். பலகை தயாராக இருக்கிறது. மூன்று இளையர்களிடமும் தேதியைச் சொல்லிவிட்டேன்.